சாவிக்கொத்தும் சூழல் மாறிகளும்

வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவரிடம் வாசற்கதவின் சாவியைத் தருவோம். பீரோ சாவியையும் சேர்த்துத் தருவோமா? மென்பொருள் தயாரிக்கும் இடங்களில் பலர் அப்படித்தான் தருகிறார்கள். அதற்கு 'ஒழுங்குபடுத்துதல்' என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் சரிதானா என்று பார்ப்போம்.

நிரலில் ஒரு திருத்தம் செய்தவுடன் அதைத் தொகுத்து, சோதித்து, வெளியிடும் வேலைகளை இன்று கணிப்பொறியே படிப்படியாகச் செய்து முடிக்கிறது. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்று. ஒவ்வொரு படிக்கும் வேண்டிய விவரங்களும் கடவுச்சொற்களும் பெரும்பாலும் 'சூழல் மாறிகள்' வழியாகச் செல்கின்றன. சூழல் மாறி என்பது பெயரும் மதிப்பும் எழுதிய ஒரு சீட்டைப் போன்றது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த முறை இது. ஒரு நிரல் மற்றொன்றை இயக்கும்போது, நாமாகத் தடுத்தாலொழிய, தன்னிடமுள்ள எல்லாச் சீட்டுகளின் நகலும் அதற்குப் போய்விடும். இந்த இயல்பில்தான் சிக்கலே இருக்கிறது.

கிட்ஹப்பில் இச்சீட்டுகளைக் கோப்பின் தலைப்பிலோ, ஒரு வேலைக்குள்ளோ, ஒரு படிக்குள்ளோ எழுதலாம். எல்லாவற்றையும் தலைப்புக்கு ஏற்றினால் கோப்பு பார்வைக்கு அழகாகிவிடும். ஆனால் வெளியீட்டுப் படிக்கு மட்டும் வேண்டிய கடவுச்சொல், சோதனைப் படியில் ஓடும் அயலார் நிரலுக்கும் கிடைத்துவிடும்.

இது வீண் அச்சமன்று. சோதனை விவரங்களைச் சேகரித்து அனுப்பும் கோட்கவ் நிறுவனத்தின் நிரலை 2021 ஜனவரி 31 முதல் விஷமிகள் மாற்றி வைத்திருந்தனர். அது ஓடிய இடத்துச் சூழல் மாறிகளை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிவிட அவர்கள் சேர்த்த ஒரே வரி போதுமானதாக இருந்தது. நிரலின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகே, ஏப்ரல் 1 அன்று, விஷயம் தெரியவந்தது. இரண்டு மாதம்! அந்தப் படிக்கு வேண்டிய சீட்டை மட்டும் கொடுத்திருந்தவர்களிடம் அந்த வரிக்கு அகப்படக்கூடியது கொஞ்சமே.

படிக்குள் அடக்குவதும் முழுக் காப்பு ஆகிவிடாது. 2025 மார்ச்சில், பலரும் பயன்படுத்திய ஒரு துணைநிரல் கெடுக்கப்பட்டு, இயக்கும் கணிப்பொறியின் நினைவகத்தையே துழாவி இரகசியங்களைப் பதிவேட்டில் கொட்டியது. ஆகவே வெளியீட்டைத் தனி வேலையாகப் பிரிப்பதே நல்லது. கிட்ஹப் தரும் இயந்திரங்களில் ஒவ்வொரு வேலைக்கும் புதிய கணிப்பொறி கிடைக்கிறது.

அப்படியானால் தலைப்பில் எதை வைக்கலாம்? பதிப்பு எண், நேர மண்டலம், மொழி அமைப்பு போன்ற இரகசியமில்லாதவற்றை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். மொழி அமைப்பு மாறினால் அகரவரிசைப்படுத்தலின் விடைகூட மாறும். வெப்பநிலையைக் குறிக்காமல் எழுதிய மின்தடை அளவு எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவே பயன்படும் சூழலைக் குறிக்காத தொகுப்பும்.

கோப்பைச் சீர்செய்ய உட்காரும் மாணவர்களே, ஒவ்வொரு சீட்டையும் கையிலெடுத்து, "இது யாருக்கு வேண்டும்?" என்று கேளுங்கள். ஒருவருக்கும் வேண்டாததைக் கிழித்துப் போடுங்கள். ஒருவருக்கு மட்டும் வேண்டியதை அவரிடம் மட்டும் கொடுங்கள். கோப்பு இரண்டு வரி நீண்டால் நீளட்டும்.