பன்னீர் ரோஜாவின் உள்ளே

பன்னீர் ரோஜாவை வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாகப் பிரித்துக்கொண்டே போங்கள். நடுவை நெருங்கும்போது பாதி இதழ், பாதி மகரந்தக் கேசரம் என்று இரண்டுங்கெட்டானாக ஒன்று அகப்படும். ஓரத்தில் மஞ்சள் பை ஒட்டியிருக்கும். மொத்தப் பூவிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ். மொட்டின் உட்பகுதியைக் கேசரமாக மாற்றும் அகாமஸ் மரபணு செயல்படும் எல்லை நடுவை நோக்கிச் சுருங்கியதும், கேசரமாக வேண்டியவை இதழாகிவிட்டன. சீனாவிலும் மேற்கிலும் தோட்டக்காரர்கள் தனித்தனியே தேர்ந்து வளர்த்த அடுக்கு ரோஜாக்களில் இதே சுருக்கம்! பூவின் உறுப்புகளெல்லாம் இலையின் மாற்றுருவங்களே என்று 1790-இல் எழுதிய ஜெர்மன் கவிஞர் கதே, மரபணுவை யாரும் அறியாத காலத்திலேயே இத்தகைய பூக்களைக் கவனித்தவர். கேசரம் இதழாவதில் மாலை கட்டுபவருக்கு லாபம். மகரந்தம் தேடி வரும் தேனீக்குத்தான் நஷ்டம்.