15,000 ரூபாய் எங்கே போயிற்று?

லட்ச ரூபாய் சைக்கிளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நாலு வார்த்தை பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ரசனைக்கு வேலை இருப்பது 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள் விற்கும் கியர் சைக்கிள்களில்தான் என்பது என் கட்சி. அந்த விலையில் எல்லாவற்றையும் நன்றாகச் செய்யத் தயாரிப்பாளரிடம் பணம் இருக்காது. ஒன்றில் தாராளம் காட்டினால் இன்னொன்றில் கையைச் சுருக்க வேண்டும். எதில் கொடுத்தார், எதில் பிடித்தார் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால், கடையில் நிற்கும் ஒவ்வொரு சைக்கிளிலும் அதைச் செய்தவரின் மனசு தெரியும்.

பந்தயம் ஓட்டுபவர்களுக்கு இங்கே வேலையில்லை. விடியற்காலையில் ஏரிக்கரையைச் சுற்றுபவர், ஞாயிற்றுக்கிழமை சென்னை ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை மிதித்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புபவர், தெருமுனைக்குக் காய் வாங்கப் போகிறவர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறேன். இவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கண்ணை இழுப்பது எம்டிபி என்கிற மலைச் சைக்கிள். முட்டுமுட்டாகப் பல் வைத்த தடித்த டயர், முன்னால் ஷாக், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், ஃபிரேம் முழுக்க மின்னல் ஸ்டிக்கர். சிலதில் சீட்டுக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங் தொங்கும். ஹைப்ரிட் பாவம், சுவரோரமாக நிற்கும். உயரமான சக்கரம், பளபளப்பில்லாத ஒரே நிறம். யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள்.

முதலில் ஷாக்கைப் பார்ப்போம். பாதிப் பேர் எம்டிபி வாங்குவதே அதற்காகத்தான். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் மலைச்சரிவுகளில் உருண்டு இறங்கிய கூட்டம்தான் இந்த வகை சைக்கிளுக்கு முன்னோடி. அவர்கள் ஓட்டியவை 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்கள். கனமான ஃபிரேம், பெரிய டயர், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு நீண்ட இறக்கத்தில் பின்சக்கர ஹப்பிலிருக்கும் கிரீஸ் புகைந்தே போய்விடும். அடுத்த முறை இறங்கும் முன் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 1977-ல் அந்தக் கூட்டத்து ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு ஃபிரேம் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் விற்பனைக்கு வந்து, எம்டிபி கடைச்சரக்கானது. இவை எதிலும் ஷாக் கிடையாது. முன்ஷாக்குக்குப் பேர்போன ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதே 1989-ல்தான். அதுவரை பாறையிலும் புழுதியிலும் விழுந்தடித்து இறங்கியவர்களுக்குப் பெரிய டயரும் மடக்கிய முழங்கையும் போதுமாக இருந்தன. நம் தெரு வேகத்தடைக்குப் போதாதா?

15,000 ரூபாய் சைக்கிளின் ஷாக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கம்பிச் சுருளும் ரப்பர் துண்டும் இருக்கும். அழுந்தி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த எண்ணெய் கிடையாது. எடை மட்டும் இரண்டரைக் கிலோவைத் தொடும். மேம்பால ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால், மிதியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்குப் போகும். இரண்டு மழைக்காலம் போனால் துருப்பிடித்துத் தானாகவே சாதா ஃபோர்க் ஆகிவிடும் என்பது ஒரு ஆறுதல். உண்மையில் வேலை செய்யும் ஷாக் ஒன்றின் விலைக்கே இந்த முழுச் சைக்கிளும் வந்துவிடும். அதனால் ஷாக் இல்லாத ஃபோர்க்கைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. விற்பனைக்கு உதவும் ஒரு விஷயத்தைத் துணிந்து விட்டிருக்கிறார்கள்.

டிஸ்க் பிரேக்கிலும் இதே கதைதான். மலிவான கேபிள் டிஸ்க்கில் ஒரு பக்கத்துக் கட்டைதான் நகரும். அது தகட்டை வளைத்து மறுபக்கக் கட்டையோடு அழுத்தும். கொஞ்சம் தேய்ந்தாலும் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ‘ஸ்ரக் ஸ்ரக்’ என்று கூடவே வரும். அலுமினிய ரிம்மைக் கவ்வும் வி-பிரேக்கை எந்தத் தெருக் கடைக்காரரும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வார். மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். இந்த விலையில் அந்த ஒரு காரணத்துக்காக அதை வாங்கமாட்டேன்.

அடுத்து கியர். ஃபிரேமில் ‘21 ஸ்பீடு’ என்று ஒட்டியிருப்பார்கள். முன்னால் 42, 34, 24 பல் என்று மூன்று தட்டு, பின்னால் 14-இலிருந்து 28 பல் வரை ஏழு. பெருக்கினால் 21. இப்போது வகுத்துப் பாருங்கள். முன் 42, பின் 28: ஒன்றரை. முன் 24, பின் 16: அதுவும் ஒன்றரை. முன் 34, பின் 22: ஒன்றரைக்கு ஒரு இம்மி மேல். ஒரே சரக்கை மூன்று பெயரில் விற்கிறார்கள். முன்னால் ஒரே தட்டு, பின்னால் எட்டு என்று வரும் சைக்கிளை அதனால் குறைத்து எடைபோட வேண்டாம். ஒரு லீவர், ஒரு கேபிள், செயினை நகர்த்தும் ஒரு டீரெய்லர் மிச்சம். பரங்கிமலையை விட்டால் சென்னைக்காரருக்கு மேம்பாலம்தான் ஏற்றம். குன்னூரிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் மூன்று தட்டு கேட்டால் அது நியாயம்.

நான் அதிக நேரம் நிற்பது பின்சக்கரத்தின் நடுவில். கடைக்காரர் காட்டாத இடம் அது. ஃப்ரீவீல் வகை ஹப்பில் பல்சக்கரங்கள் மொத்தமாக வெளியே திருகப்பட்டிருக்கும். வலப்பக்க பேரிங் அவற்றுக்கு உள்ளே தள்ளி உட்காரும். அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சு தாங்கலில்லாமல் நீள்கிறது. எண்பது கிலோ ஆசாமி உட்கார்ந்து பள்ளத்தில் நாலு தடவை இறக்கினால் அச்சு வளையும், பிறகு ஒடியும். கேசட் வகையில் பேரிங் வெளிக்கோடிக்கே வந்துவிடும். 1978-லிருந்து ஷிமானோ பரவலாக்கிய ஏற்பாடு இது. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு வருடம் ஆகும். கேசட் போட்ட தயாரிப்பாளர் யாரும் பார்க்காத இடத்தில் பணத்தை வைத்திருக்கிறார். கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை கியர்?’ அல்ல, ‘ஃப்ரீவீலா, கேசட்டா?’ என்பதுதான். கடைப் பையனுக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்தக் கடையிலேயே வாங்கலாம்.

அதே மூலையில் இன்னொன்றையும் பாருங்கள். டீரெய்லர் தொங்குவது எதில்? அச்சோடு சேர்த்து முறுக்கிய ஒரு தகட்டில் தொங்கினால், அங்கே பிடித்திருக்கிறார்கள். ஃபிரேமிலேயே இடம் விட்டு, கழற்றி மாற்றும்படி தனித் துண்டு பூட்டியிருந்தால் நல்லது. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் அந்தத் துண்டு வளையும், ஃபிரேம் தப்பும். பின்கால்களில் கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம். இந்தச் சைக்கிளில் ஒருவர் காய்கறி கொண்டுவருவார், மழையில் போவார் என்று யோசித்தவர் போட்ட ஓட்டை அது.

சக்கர அளவில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. எம்டிபிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் 29 அங்குலமும், ஹைப்ரிட்டில் வரும் 700 சி-யும் ஒரே ரிம்தான்: டயர் உட்காரும் இடத்தில் விட்டம் 622 மில்லிமீட்டர். மாறுவது டயரின் தடிமன். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய நம் 28 அங்குலக் கறுப்பு சைக்கிளின் ரிம்மோ 635 மில்லிமீட்டர்! அலுமினிய ஃபிரேமும் கியரும் போட்டு, எடையில் சில கிலோ குறைத்தால், நிமிர்ந்து உட்கார வைக்கும் அந்தக் கறுப்பு சைக்கிளின் பேரன்தான் ஹைப்ரிட். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து அனுப்பிய ஹெர்குலிஸையோ பிஎஸ்ஏ-வையோ ஓட்டிப் பழகிய கால், ஹைப்ரிட்டில் ஏறிய ஐந்தாவது நிமிடமே அதைக் கண்டுகொள்ளும். தாத்தா வண்டியில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் கூடவே வந்தன. பேரன் வண்டியில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி பில்.

அளவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரேமுக்கு மேல் கால் அகட்டி நின்றால் கவட்டைக்கும் மேல்குழாய்க்கும் நடுவே இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து கீழ் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு அருகே ரிம் ஆடாமல் ஓடுகிறதா என்று கண்ணை ஓட்டுங்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆடக் கூடாது. முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பாரின் கழுத்தில் ‘டொக்’ கேட்கக் கூடாது. புதுச் சைக்கிளிலும் கேட்கும், ஏனென்றால் பெட்டியிலிருந்து எடுத்து அவசரமாகப் பூட்டியிருப்பார்கள். ஒரு மாதம் ஓட்டியதும் கம்பிகள் தளர்ந்து சக்கரம் லேசாகக் கோணும். அப்போது பழைய கடையாகத் தேடிப்பிடித்துக் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டி, சத்தம் மந்தமாக வரும் இடத்தில் நிப்பிளை முடுக்குவார். இந்த விலை சைக்கிளின் சக்கரத்தை இயந்திரம் பாதி கட்டுகிறது, அவர் மீதியைக் கட்டுகிறார்.

கடைசியாக, அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே பிள்ளைகள் ஓட்டிவிட்டுப் போட்ட எம்டிபி ஒன்று தூசி படிந்து கிடந்தால், இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அது பெரும்பாலும் 26 அங்குலம். அதே விட்டத்தில் பல் இல்லாத, ஒன்றரை அங்குல வழவழ டயர் கிடைக்கும். இரண்டு டயரையும் மாற்றி, 50 பி.எஸ்.ஐ. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வீட்டு வாசலிலிருந்து நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் ‘கொர்ர்’ என்று வந்த இரைச்சல் நின்றிருக்கும், மிதி இலகுவாகியிருக்கும். முன்ஷாக்குக்குப் பூட்டு இருந்தால் பூட்டிவிடுங்கள். புது ஹைப்ரிட்டின் சுகத்தில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும். மிச்சக் காலுக்காக 15,000 ரூபாய் செலவழிப்பதா என்பதைப் பத்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு முடிவு செய்தால் போதும்.