நற்கடைப்பிடியும் கலங் கழுவுதலும்

வியட்நாம் நாட்டுப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் (1926–2022) இயற்றிய 'விழிப்புடைமையின் அற்புதம்' என்னும் நூல், பௌத்தர் கூறும் நற்கடைப்பிடியை அன்றாட வினைகளிடையே பயிலுமாறு உணர்த்துவது. போரிடைப்பட்ட தென் வியட்நாமில் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றிய இளைஞர் பள்ளியின் ஊழியர் ஒருவர்க்கு 1974-இல் அவர் வரைந்த நெடுங்கடிதமே மறுவாண்டில் ஆங்கில நூலாயிற்று. அத்தொண்டருட் சிலர் கொலையுண்டனர். ஆதலின் இஃது ஓய்வுடையார்க்கு எழுந்த பொழுதுபோக்கன்று. அச்சத்தின் நடுவே நின்றார்க்கு எழுந்த உறுதிமொழி என்க.

கலங் கழுவுங்கால் கழுவுதலிலேயே கருத்தூன்றல் வேண்டும். பின் பருகும் தேநீரை எண்ணி விரைவார் அத்தேநீரையும் செவ்வனே பருகார் என்பது ஆசிரியர் கருத்து. மிக நன்று. கையில் மலரும் நெஞ்சில் வழக்குமாய்ப் பூசை முடிக்கும் நம்மனோர் இதனைக் கேட்டு நாணுதல் தகும்.

ஆயின் இக்காலத்தார் பலர் இதனை 'நிகழ்கணத்தை நோக்குதல்' என்னும் அளவிற் சுருக்கி, மனவமைதிக்கு மருந்தென வழங்குகின்றனர். அது பொருந்துமோ எனின், பொருந்தாது. என்னை? பாலி மொழியிற் 'சதி' என்பது வடமொழியில் 'ஸ்மிருதி'. நினைவு என்பதே அதன் முதற்பொருள். நடத்தல், உண்டல், பேசல் முதலியவற்றில் அறிவோடிருக்கப் பணிக்கும் மஜ்ஜிம நிகாயத்துப் பத்தாம் சூத்திரம், உலகின்கண் அவாவும் துயரும் நீக்குதலையும் உடன் கூறுகின்றது. எண்வகை நெறியில் நற்காட்சி முதலாவது, நற்கடைப்பிடி ஏழாவது. மீன் நோக்கி நிற்கும் கொக்கும் ஒருமையுடையதே. அதனை நற்கடைப்பிடி உடையதென்பார் யார்? தீய கடைப்பிடியும் உண்டெனப் பௌத்த நூல்களே பிரித்தோதின. பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்றலைப் பின்னர் விரித்துரைப்பினும், கலங் கழுவும் இடத்திலேயே நற்காட்சியைப் பிணைத்துக் காட்டாமை இந்நூலின் குறை. அக்குறையே சுருக்குவார்க்கு வாயிலாயிற்று.

இனிச் சித்தாந்தி வினவுவது ஒன்றுண்டு. நினைவாவது முன் கண்டதனைப் பின் உணர்தல். கணந்தோறும் அழியும் உணர்வில் முன் கண்டவன் யாவன்? பின் நினைப்பவன் யாவன்? சந்தானத் தொடர்ச்சியால் அமையும் என்பர் பௌத்தர். தொடர்ச்சியைத் தொடர்ச்சியென அறிதற்கு நிலைத்த அறிவோன் ஒருவன் வேண்டும் என்பது நம் விடை. சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் சௌத்திராந்திகனோடு நிகழ்ந்த வாதம் இன்றும் ஓய்ந்திலது.

வாதம் நிற்க. நாளைக் காலையில் திருவலகிடுங்கால் நம் நெஞ்சம் எங்கே நிற்குமென்பதை அன்பர்கள் தத்தம்முள் ஆராய்வார்களாக.