அடங்காப்பிடாரியின் பசி

முத்தமிழ் விழாவுக்கு அரைமணி நேர நாடகம் ஒன்று போட வேண்டும், சிரிப்பாக இருக்க வேண்டும், யாரும் அழக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் மாணவிகள் என்னிடம் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாஞ்சாலி நாடகம் போட்டு, ஆடியவர்களும் பார்த்தவர்களும் சேர்ந்து அழுது ஓய்ந்திருந்தார்கள். இந்த முறை ஒப்பிலக்கியத் தாளுக்காகப் படித்த ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’வைச் சுருக்கித் தமிழில் எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். தலைப்பு: ‘அடங்காப்பிடாரி’.

எலவனாசூர்கோட்டையில் என் வீடு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில். சுற்று ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகிற பெண்கள் பலர் இங்கேதான் பஸ் மாறுகிறார்கள். சனிக்கிழமைகளில் என் வீட்டு மொட்டைமாடி ஒத்திகை மேடையானது. கீழே சேலம் சாலையில் லாரிகள் போகும். மேலே ஒட்டுமீசை வைத்த பெட்ருக்கியோ, தன் மனைவியை எப்படி அடக்கப்போகிறேன் என்று கத்திக்கொண்டிருப்பான்.

தலைப்பைப் பற்றி அவர்களிடம் ஒன்று கேட்டேன். பிடாரி யார்? எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லையில் நிற்கிற சாமி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ஊர்தோறும் பிடாரி கோயில் உண்டு. புருஷன் பக்கத்தில் இல்லாமல் தனியே உட்கார்ந்து ஊரைக் காக்கிறவள். அவளுக்குப் படையல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாய் பேசுகிற மகளை அதே பெயரால் ஏசுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஷ்ரூ’ என்பது மூஞ்சூறு போன்ற ஒரு சின்னப் பிராணியின் பெயர். வாயாடிப் பெண்ணுக்கு அவர்கள் வைத்தது மூஞ்சூறின் பெயர், நாம் வைத்தது தெய்வத்தின் பெயர். எது மேல் என்று கேட்டதற்கு, “மூஞ்சூறே தேவலைம்மா, அதை யாரும் கும்பிடலையே” என்றாள் காதரினாக நடிக்கவிருந்த பெண்.

நாடகத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1590களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அச்சில் வந்தது 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில். பதுவா நகரத்துப் பணக்காரருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் காதரினா வாய்த்துடுக்கானவள். அவளுக்குக் கல்யாணம் ஆனால்தான் இளையவளுக்கு ஆகும். பணத்துக்காகப் பெண் தேடி வருகிற பெட்ருக்கியோ அவளைக் கட்டி, ‘அடக்கி’, கடைசியில் விருந்து மேசையில் மற்றக் கணவன்மாரோடு பந்தயம் வைத்து ஜெயிக்கிறான். கூப்பிட்டதும் வருகிற மனைவி யாருடையவள் என்பதுதான் பந்தயம். காதரினா வருகிறாள். வந்து 44 வரிகள் பேசுகிறாள். அந்த நாடகத்திலேயே மிக நீளமான பேச்சு அதுதான். மனைவி கணவனுக்கு எப்படிக் கீழ்ப்படிய வேண்டும் என்பது விஷயம்.

பெண்ணிய விமரிசனம் இதுவரை பெரும்பாலும் அந்த 44 வரிகளோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது. அவள் உண்மையாகச் சொல்கிறாளா, கிண்டலாகவா, உடைந்துபோயா? 1929இல் வந்த ஹாலிவுட் படத்தில் மேரி பிக்ஃபோர்ட் அந்தப் பேச்சின் முடிவில் தங்கையைப் பார்த்துக் கண்ணடிப்பார். ஒரு கண்ணடிப்பில் நாடகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அப்போதே இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கண்ணடிப்பில் பெரிய நம்பிக்கை இல்லை. கேள்வி கடைசிப் பேச்சில் இல்லை, நான்காம் அங்கத்துச் சாப்பாட்டுக் காட்சியில் இருக்கிறது என்பது மொட்டைமாடி ஒத்திகையில்தான் எனக்கே தெரிந்தது.

பெட்ருக்கியோ அவளை அடிப்பதே இல்லை. இதை நாடகத்தின் பெருந்தன்மையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவன் செய்வது வேறு. கல்யாண விருந்தில் ஒரு வாய்கூட உண்ண விடாமல் இழுத்துப் போகிறான். வீட்டில் கறி வந்தால் கருகிவிட்டது, உன் உடம்புக்கு ஆகாது என்று தூக்கி எறிகிறான். படுக்கை சரியாக விரிக்கவில்லை என்று தலையணையை வீசி இரவெல்லாம் தூங்க விடாமல் செய்கிறான். எல்லாம் அவள் மீதுள்ள அக்கறையின் பெயரால். பிறகு பார்வையாளர்களிடம் தனியாக வந்து, வேட்டைக்கு வல்லூறைப் பட்டினி போட்டுப் பழக்குவதுபோல் இவளைப் பழக்குகிறேன் என்று விளக்குகிறான். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா இந்த இடத்தில் எழுந்து கீழே போய்விட்டார். “கன்னுக்குட்டியக்கூட பட்டினி போட்டுப் பழக்க மாட்டாங்க” என்று படியில் இறங்கும்போது சொன்னது கேட்டது.

குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. உடல், பேச்சு, மனம், பணம் என்று வன்முறையின் வழிகளை விரித்துச் சொல்கிறது. காயம் தெரியாத வழிகளை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிரகசனம் படிப்படியாகச் செய்துகாட்டியிருக்கிறது.

இந்த நாடகம் தமிழுக்குப் புதிதல்ல. ஏ.டி. கிருஷ்ணசாமி இயக்கி 1963இல் வந்த ‘அறிவாளி’ இதே கதையிலிருந்து எடுத்ததுதான். சிவாஜி கணேசனும் பி. பானுமதியும் நடித்தார்கள். அடக்கப்படுகிற பெண்ணாக நடித்த பானுமதி அப்போது யார்? பத்தாண்டுகளுக்கு முன்பே ‘சண்டிராணி’யை இயக்கியவர், பாடகி, எழுத்தாளர், பரணி ஸ்டுடியோவின் உரிமையாளர்களில் ஒருவர். 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’வில் சாட்டை எடுக்கிற மூக்கையனுக்கு மனைவியாக நடித்த ஜெயலலிதா 1991இல் முதலமைச்சர் ஆனார். திரையில் அடங்கிக் காட்ட, வெளியில் அடங்காத பெண்கள்தான் தேவைப்பட்டிருக்கிறார்கள். அடக்குவதில் சுவை வேண்டுமானால் எதிரே வலு வேண்டுமே.

ஆனால் ‘அறிவாளி’ என்றதும் இன்று யாருக்கும் நினைவுக்கு வருவது சிவாஜியும் பானுமதியும் அல்ல. தங்கவேலுவும் டி.பி. முத்துலட்சுமியும் பூரி சுடுகிற காட்சி. கணவன் பூரி எப்படிச் செய்வது என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியிலும் அது தனக்கு முன்னமே தெரியும் என்று மனைவி சொல்லிக்கொண்டே போவாள். என் மாணவிகள் அதைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். முத்துலட்சுமியின் முகபாவத்துக்கு நானும் அடிமைதான், மறைக்கவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலநாடகத்தில் பசித்திருப்பவள் மனைவி. தமிழில் நமக்கு மறக்காமல் நிற்கிற காட்சியில் பலகாரத்துக்குக் காத்திருப்பவன் கணவன். காத்திருக்கிற கணவனை நாம் உடனே கண்டுகொள்கிறோம். அவன் பாடு சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை வழித்து உண்கிற மருமகளின் பசியை வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சி எழுத முடியாது. அது வீட்டில் அன்றாடம் நடப்பது; யாருக்கும் கண்ணில் படாது.

பிரிட்டனில் 2019இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி இந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது ஜஸ்டின் ஆடிபர்ட் ஆண் பெண் பாத்திரங்களைப் புரட்டிப் போட்டார். பெண்கள் ஆளுகிற ஓர் இங்கிலாந்து. பெட்ருக்கியா என்ற பெண்ணாகக் கிளேர் பிரைஸ், அவளால் அடக்கப்படுகிற ஆணாக ஜோசப் ஆர்க்லி. இந்த உத்தி எனக்கு ஓரளவுதான் பிடிக்கிறது. பசித்து நிற்பவன் ஆணாக இருந்தால் கொடுமை சட்டென்று தெரிகிறது என்றால், பெண்ணாக இருந்தபோது ஏன் தெரியவில்லை? பூரிக் காட்சியின் விடைதான் இதற்கும். பழைய காலத்தவர்கள் இதைவிடத் துணிச்சலாக இருந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோதே ஜான் ஃப்ளெட்சர் இதற்கு எதிர்நாடகம் எழுதினார். அதில் காதரினா இறந்துவிட்டாள். பெட்ருக்கியோ மரியா என்பவளை மணக்கிறான். அவள் முதலிரவிலேயே தோழிகளோடு, சாப்பாடும் மதுவும் சேர்த்து வைத்துக்கொண்டு, மாடியில் கதவடைத்துக்கொள்கிறாள். ஆம், சாப்பாட்டோடு! 1633இல் அரசவையில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். ஷேக்ஸ்பியருடையது பிடித்திருந்தது என்றும், ஃப்ளெட்சருடையது மிகவும் பிடித்திருந்தது என்றும் அரண்மனை அதிகாரியின் குறிப்பு இருக்கிறது.

நம்மிடமும் இப்படி ஒரு கதை உண்டு. அதற்கு ஷேக்ஸ்பியர் தேவையில்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லியரசாணி மாலை’. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்றது, கூத்திலும் நாடகத்திலும் ஆடப்படுவது. ஆண் துணையில்லாமல் மதுரையை ஆள்கிற அல்லியை அர்ச்சுனன் நேர்வழியில் அடைய முடியவில்லை. கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ச்சுனன் பாம்பாகிறான். அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். சிறுமியாக நான் பார்த்த கூத்தில் பாம்பாட்டிக் காட்சியில் கட்டியக்காரன் அடித்த கூத்துக்கு ஊரே புரண்டு சிரித்தது. பிறகு அல்லி விழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பெண்வேடம் கட்டிய அந்த ஆண் கலைஞர் சட்டென்று பாடிவிடவில்லை. தாலியைக் கையில் பிடித்தபடி நின்றார். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசை ஆண்கள் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அல்லி கொதித்தெழுந்தாள். கதையில் அவளுக்குக் கோபம் மிச்சம் இருக்கிறது. காதரினாவுக்கு அதுவும் மிச்சமில்லை.

ஷேக்ஸ்பியர் ஒரு காரியம் செய்திருக்கிறார், அதை என் மாணவிகள் வெட்டிவிட்டார்கள். மூலத்தில் இந்தக் கதை முழுவதும் கிறிஸ்டஃபர் ஸ்லை என்ற குடிகாரனுக்காக ஆடப்படுகிற நாடகம். போதையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கி வந்து, நீ ஒரு பிரபு என்று நம்பவைத்து, ஒரு பையனுக்குப் பெண்வேடம் போட்டு இவள்தான் உன் மனைவி என்று சொல்லி, பொழுதுபோக்குக்காக இதை ஆடிக் காட்டுகிறார்கள். 1594இல் அச்சான இன்னொரு வடிவத்தில் அவன் கடைசியில் விழித்தெழுந்து, பெண்டாட்டியை அடக்கும் வழி தெரிந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்புகிறான். யாருடைய ஆசை இந்தக் கதை என்று நாடகமே காட்டிக்கொடுக்கிற இடம் அது. அதை ஏன் வெட்டினீர்கள் என்றேன். “கள்ளக்குறிச்சியில குடிகாரனைக் காட்டி யாரைம்மா சிரிக்கவைக்கிறது?” என்றார்கள். கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் செத்த மாவட்டம். நான் பதில் பேசவில்லை. நாடகத்துக்கு அது இழப்புதான், இழக்கட்டும்.

தை பிறந்ததும் எங்கள் காதரினா ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினாள். பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பிடித்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டில் மேடையேறுவது வேண்டாம் என்கிறார்கள் என்று தோழிகள் வந்து சொன்னார்கள். மூஞ்சூறே தேவலை என்று சொன்னவள். பெட்ருக்கியோவின் வேலைக்காரனாக நடித்த பெண் காதரினா ஆனாள். வசனம் எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

விழா அன்று நிஜப் பூரி வாங்கினோம், பேருந்து நிறுத்தத்துக் கடையில், இருபத்து நான்கு. சாப்பாட்டுக் காட்சியில் பெட்ருக்கியோ “இது கருகிப் போச்சு, இது எண்ணெய் காறுது” என்று ஒவ்வொன்றாகப் பார்வையாளர்கள் மீது எறிந்தாள். அது இயக்கிய மாணவியின் யோசனை; எனக்கு முன்னால் சொல்லவில்லை. பையன்கள் எழுந்து பிடித்தார்கள். பிடித்ததைத் தின்றார்கள். அரங்கில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கடைசிக் காட்சியில் காதரினா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். காலித் தட்டை நீட்டிக்கொண்டே, எட்டு வரியாகச் சுருக்கிய அந்தப் பேச்சை ஒவ்வொரு வரிசையாக நின்று சொன்னாள். கண்ணடிக்கவில்லை, அழவுமில்லை. குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே போனது. மூன்றாவது வரிசையில் ஒருவன் பாதி கடித்த பூரியைத் தட்டில் வைத்தான். மீண்டும் சிரிப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நாடகம் ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. பரிசு கிடைத்தது, ‘சிறந்த நகைச்சுவை’ என்று.

ஏப்ரலில் தேர்வு எழுத வந்தாள் பழைய காதரினா. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“சாப்பாட்டு சீன்ல சிரிச்சாங்களாம்மா?”

“நல்லா சிரிச்சாங்க.”

“நான் செஞ்சிருந்தாலும் சிரிச்சிருப்பாங்கல்ல” என்றாள். பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, “எடுத்துக்கங்கம்மா, நானே செஞ்சது” என்றாள்.