சாங்கி லவுஞ்சில் டிப்ஸ்

பாசிர் ரிஸ்ஸில் ரயிலேறி தானா மேராவில் மாறினால் சாங்கி விமான நிலையம் வந்துவிடும். முனையங்களில் வேலை பார்க்கும் பலருக்கு இந்த வட்டாரம்தான் வீடு. லவுஞ்சில் லக்சா கலந்து தருபவரும், குளியலறையைத் துடைத்து அடுத்த பயணிக்குத் தயார் செய்பவரும் அவர்களில் இருக்கலாம். கிளம்பும்போது அவர் கையில் ஐந்து வெள்ளி வைக்க வேண்டுமா என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே இங்குள்ள வழக்கம். விமான நிலையத்தில் டிப்ஸ் கூடாது என்று சுற்றுலாக் கையேடுகளும் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன.

இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவில்லை. மிச்சம் வாடிக்கையாளர் பையிலிருந்து வரும் என்பது கணக்கு. அங்கே லவுஞ்சில் மது இலவசமாக இருந்தாலும் கோப்பைக்கு ஒரு டாலராவது வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் தருவார், யார் தரமாட்டார் என்று முகம் பார்த்து எடைபோடும் நிலைக்கு அது ஊழியரைத் தள்ளுகிறது. சாங்கியில் அந்த நிலை இல்லை. வணிக வகுப்புப் பயணிக்கும், வங்கி அட்டைச் சலுகையில் நுழைந்த குடும்பத்துக்கும் ஒரே உபசரிப்பு கிடைக்கிறது. ஊழியர் யார் கையையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. அதனால், பாசத்தோடு என்றாலும் நோட்டைத் திணிக்கக் கூடாது. வாங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் ஒன்றில் 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்து 119.90 வெள்ளி ஆகிவிடலாம். அந்தப் பத்து வெள்ளி பரிமாறியவருக்குப் போகிறது என்று நம்பித்தான் நாம் டிப்ஸ் வைக்காமல் எழுகிறோம். அதை ஊழியருக்குப் பகிர்ந்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் சிங்கப்பூரில் கிடையாது. லவுஞ்சிலோ பில்லே இல்லை. பயணிக்காக விமான நிறுவனமோ வங்கியோ பணம் கட்டுகிறது. ஊழியருக்கு மிஞ்சுவது சம்பளம் மட்டும்.

அந்தச் சம்பளத்துக்கு எல்லாருக்கும் பொதுவான அடித்தளமும் இல்லை. படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் துப்புரவுப் பணிக்குக் கட்டாயமானது. உணவுச் சேவைக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது. இரண்டுமே குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே காக்கின்றன. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வந்து அதே தட்டைக் கழுவுபவர் கணக்கில் வரமாட்டார். டிப்ஸ் இல்லாத வழக்கம் நல்ல சம்பளத்தின் மேல் நிற்க வேண்டியது. சம்பளம் மெலிந்த இடத்தில் அதே வழக்கம் கொடுக்காமல் போவதற்கு நமக்கு ஒரு சாக்காகிவிடுகிறது.

இதற்காக டிப்ஸை இங்கே கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். வாடிக்கையாளர் தருவதும் சேவைக் கட்டணமும் முழுமையாக ஊழியருக்கே சேர வேண்டும் என்று பிரிட்டன் 2023இல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சிங்கப்பூர் உணவகங்களுக்கும் அப்படியொரு விதி வேண்டும். பில் இல்லாத லவுஞ்சுக்கு அது உதவாது. அங்கே, நடத்துநரோடு விமான நிறுவனங்களும் வங்கிகளும் போடும் ஒப்பந்தத்திலேயே, எந்த நாட்டுக் கடப்பிதழ் வைத்திருந்தாலும் எல்லா ஊழியருக்கும் ஒரே சம்பள அடித்தளம் என்று எழுதவைக்க வேண்டும்.