உழைச்சு மேல வந்தவங்க

திருப்பூரைப் பற்றிய மேலாண்மைப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஏற்றுமதிக் கணக்கு, 'கிளஸ்டர்' என்றொரு சொல், இரண்டு வரைபடம். பனியன் கம்பெனிக்குள் போய் யாரிடமாவது பேசிய தடயமே இருக்காது. 2004இல் வந்த சரத் சாரியின் 'ஃப்ரட்டர்னல் கேப்பிடல்' வேறு ரகம். ஆங்கிலம் கரடுமுரடு, முதல் அத்தியாயத்திலேயே இரண்டு தடவை மூடி வைத்தேன். ஆனாலும் நம்ம வட்டாரத்தைப் பற்றி நான் படித்த சமூக அறிவியல் நூல்களில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் திருப்பூருக்கு வந்த சாரி கேட்டது எளிய கேள்விதான். தோட்டங்காட்டில் பாடுபட்ட கவுண்டர்கள் உலகச் சந்தைக்குத் துணி அனுப்பும் முதலாளிகள் ஆனது எப்படி? அவர்களிடமே கேட்டார். வந்த பதில்: உழைப்பு. வேறொருவர் இதைத் தற்பெருமை என்று தள்ளியிருப்பார். சாரி தள்ளவுமில்லை, அப்படியே நம்பவுமில்லை. "நாங்களும் மெஷின்ல உக்காந்தவங்கதான்" என்று சொல்லிக்கொள்வது சொந்த சாதிக்குள் கூட்டுச் சேரவும், தொழிலாளியை வேலை வாங்கவும் எப்படி உதவுகிறது என்று பார்க்கிறார். பேச்சே முதலாகிறது. 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. பிறகு வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகச் சிதறியது, பெண்கள் பெருவாரியாக உள்ளே வந்தார்கள். அவர்கள் செய்தது அந்த 'உழைப்பு'க் கதைக்குள் வரவில்லை என்பதையும் நூல் காட்டுகிறது.

எனக்கு இடறியது மொழிபெயர்ப்பில். உழைப்பை 'டாய்ல்' என்கிறார். தப்பான சொல் இல்லை. ஆனால் பெயர்ச்சொல்லில் காலம் தெரியாது. விடியுமுன் உடுமலை பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். மில் வேனுக்குக் காத்திருக்கும் பெண் "வேலைக்குப் போறேன்" என்பாள். குடிமங்கலம், பல்லடம் வழியாகத் திருப்பூர் போகும் டெய்லர் "இன்னிக்கு ஒன்றரை ஷிப்டு" என்பார். "உழைக்கப் போறேன்" என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. "உழைச்சு மேல வந்தேன்" என்பவர் மெஷினை விட்டு எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போனவர். இறந்தகாலத்தில் சொன்னால்தான் அதற்கு விலை. என் பெரியம்மா இருபது வருசம் பிசிர் வெட்டினார். 'நீங்க உழைச்ச உழைப்பு' என்று ஆரம்பித்தாலே சிரிப்பார். "கத்திரி புடிச்சதெல்லாம் ஒரு ஒழைப்பா கண்ணு?"

சாரியின் வாதமே நினைவைப் பற்றியதுதான் என்பதால் இதை அவர் அறியாதவர் இல்லை. ஆனால் 'டாய்ல்' என்றதும் அது ஏதோ கையிருப்புச் சரக்கு மாதிரி ஆகிவிடுகிறது. நூலைத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்குத் தலைகீழ்ச் சிக்கல். ஆங்கிலத்தில் விநோதமாக நிற்கும் சொல் இங்கே மேடைப் பேச்சு போலக் கரைந்துவிடும். (இணையத்தில் தமிழ்ப் புத்தகம் விற்பதற்குப் பேர்போன ஊர் எங்களுடையது. இந்த நூலும் அந்த வழியாகத் தமிழில் வந்தால் நன்றாக இருக்கும்.)

பெரியம்மா மகன் இப்போது ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். நாங்கள் கவுண்டர் இல்லை. கூட்டுச் சேர பங்காளி யாரும் வரவில்லை, வட்டிக்கு வாங்கித்தான் போட்டான். புத்தகம் சொல்வதை அவனிடம் சொன்னேன். "இதைத்தானே எங்க பழைய ஓனர் தினமும் சொல்லுவாரு" என்று சிரித்தான். போன மாசம் அவன் யூனிட்டுக்குப் போயிருந்தபோது, செக்கிங் பெண் ஒருத்தி ஓவர்டைம் காசு கேட்டுக்கொண்டிருந்தாள். "நானும் டெய்லரா இருந்தவன்தான்மா" என்றான்.