கடையிலேயே இல்லாத நஞ்சு

தமிழ் வைணவர்களுக்கு மேல்கோட்டை என்றால் திருநாராயணபுரம். இராமானுசர் தங்கிய மலை, வைரமுடி சேவை, படிக்கட்டுகள் சூழ்ந்த கல்யாணித் தீர்த்தம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் இப்போது மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைக்குக் கீழே நெல்லும் கரும்பும் விளையும் அந்த மாவட்டத்தில், 2015 ஜூன், ஜூலை மாதங்களில் கரும்பு விவசாயிகள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆலைகள் பணம் பாக்கி வைத்திருந்தன, கடன் நெருக்கியது. அப்போது மேல்கோட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் கர்நாடக விவசாய சங்கத் தலைவர் கே. எஸ். புட்டண்ணையாதான். நிலுவை, கடன் தள்ளுபடி, இழப்பீடு ஆகியவை பற்றி அன்று நிறையப் பேசப்பட்டது. அவை அனைத்தும் நியாயமான கோரிக்கைகள். ஆனால் வீட்டுத் திண்ணையிலும் பம்ப்செட் கொட்டகையிலும் கிடக்கும் பூச்சிமருந்தைப் பற்றிய பேச்சு மட்டும் அதிகம் எழவில்லை.

இலங்கை அந்த இடத்தில்தான் கை வைத்தது. 1995 வாக்கில் அங்கே லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களுள் ஒன்று அது. கிராமப்புறங்களில் இத்தகைய சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சிமருந்தே காரணம். 1980-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுச் சட்டம் பூச்சிமருந்துப் பதிவாளர் என்ற ஒரே அலுவலகத்துக்கு நாடு முழுமைக்குமான அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. 1984-இல் தொடங்கிய தடைகள், 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கொடிய வகைகளுக்கும், 1998-இல் எண்டோசல்பானுக்கும், 2008 முதல் 2011 வரை இன்னும் சிலவற்றுக்கும் நீண்டன. 2015-க்குள் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இந்தக் காலத்தில் இலங்கையில் துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. போர் நடந்தது, வறுமை இருந்தது, குடியும் இருந்தது. நஞ்சு அருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூடப் பெரிதாகக் குறையவில்லை. வந்தவர்களில் முன்பைவிட அதிகமானோர் பிழைத்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. தற்கொலை முயற்சிகளில் பலவும் நீண்ட நாள் திட்டமிட்டுச் செய்பவை அல்ல. ஒரு சண்டை, ஓர் அவமானம், சில நிமிட ஆவேசம். அந்த நிமிடத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கிறது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

நஞ்சைப் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தியா, இலங்கை இரண்டிலும் அதைச் செய்து பார்த்தார்கள். வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த, தமிழ்நாட்டின் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், தற்கொலைத் தடுப்புக்காகச் செயல்படும் சென்னை சினேகா அமைப்பின் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பொதுச் சேமிப்பிடம் அமைத்து, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கச் செய்தார்கள். சிறிய முயற்சிதான், நம்பிக்கை தந்தது. இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்தின் 180 கிராமங்களில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே, பாதிக் கிராமங்களில் மட்டும் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: பெட்டியால் பயன் விளைந்ததற்குச் சான்று இல்லை. பூட்டு இருந்தால் சாவியும் அந்த வீட்டிலேயே இருக்கும். அவசரத்தில் பக்கத்துக் கடையும் திறந்திருக்கும். பொதுச் சேமிப்பிடம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடைக்கு அது மாற்றாகாது என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவில் தடை ஏன் தாமதமாகிறது? 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மாநிலம் தானாகத் தடுக்கக்கூடியது 60 நாள்களுக்கு மட்டுமே. நீட்டித்தால் இன்னும் 30 நாள்கள். நிரந்தரத் தடை டெல்லியின் கையில். தமிழ்நாடு 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளுக்கு அறிவித்த தடையும் 60 நாள்களுக்கானதுதான். எண்டோசல்பானைத் தடுக்க, கேரளத்தின் காசர்கோட்டில் அதனால் குழந்தைகள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2011-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2013-இல் பீகாரில் 23 பள்ளிக் குழந்தைகள் மதிய உணவில் கலந்த மோனோகுரோட்டோபாஸால் இறந்தார்கள். அதன் பிறகும் பத்து ஆண்டுகள் அந்த மருந்து விற்றது. பரவலாக விற்கப்பட்ட அதன் திரவ வடிவத்துக்கு 2023-இல்தான் தடை ஆணை வந்தது. இலங்கைக்கும் நமக்கும் இடையே 28 ஆண்டுகள்.

விளைச்சல் போய்விடுமே என்ற அச்சம் உழவர்களிடம் உண்மையாகவே உண்டு. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரேயடியாக நிறுத்தியபோது பயிர் வீழ்ந்ததைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அது வேறு. 1990-களின் தடைகளில் மிகக் கொடியவை மட்டும் நீக்கப்பட்டன, மாற்று மருந்துகள் கடையில் இருந்தன. நெல் விளைச்சல் குறையவில்லை.

கரும்புக்கு நியாய விலையும் நிலுவைப் பணமும் கிடைக்கப் போராட வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் காலத்தில் உழவர் உயிரோடு இருக்க வேண்டும். மாநிலங்களுக்கு நிரந்தரத் தடை அதிகாரம் கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள் என்று மேல்கோட்டை, காட்டுமன்னார்கோயில் போன்ற ஊர்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது நம் பொறுப்பு. இதை வாசிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வாழ்வு தாங்க முடியாததாகத் தோன்றினால், இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள்.